அதிகாரி இருக்கை இல்லாத படகு

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன். நாளை மறுநாள் நான் தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போகிறேன். சாவிகள், பதிவேடுகள், கிட்டங்கிச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டு ஒப்படைத்தாகிவிட்டது. பட்டியலில் அடங்காத ஒன்று பாக்கி. நேற்றுப் படகுத்துறையில் உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: “சார், இந்தப் பாய்ப்படகில் மட்டும் ஏன் அதிகாரி உட்கார இருக்கை இல்லை? தளத்தில் நாலு ஆணித் துளைதானே இருக்கிறது?” அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். படகோட்டும் தண்டல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் அந்தக் கதையை நான் சொன்னால் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவார் என்ற பயம்தான்.

எனக்கு இன்னும் முப்பது முடியவில்லை. அனுபவம் பேசுகிற வயதல்ல. ஆனால் அந்த நாலு துளைகள் எப்படி வந்தன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் நீங்கள் ஓர் அறிக்கையிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று நினைக்கிறேன்.

அந்தப் படகு வெள்ளைக்காரன் காலத்தது. கொழும்பில் இருந்த ஒரு துரை உல்லாசமாகப் பாய் விரித்துப் போகக் கட்டிக்கொண்டது. அவர் ஊருக்குக் கப்பலேறிய பிறகு நாலு கை மாறி நம் துறைமுக அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. பாம்பன் கால்வாயில் இருக்கும் மிதவைகளையும் விளக்குகளையும் பார்த்துவர அதைத்தான் அனுப்புவோம். மோட்டார் படகு வருகிறது, வருகிறது என்று அன்றைக்கும் சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள்.

துரைக்குக் கப்பல் ஆசை. ஆகவே அந்தச் சின்னப் படகில் ஒரு சக்கரம் வைத்திருந்தார். பித்தளைப் பூண் போட்ட தேக்குச் சக்கரம். அதைச் சுற்றினால் கம்பி வடம் தளத்துக்கு அடியில் கப்பிகள் வழியாக ஓடிப் பின்னால் இருக்கும் சுக்கானைத் திருப்பும். இந்தக் கரையில் வேறெந்தப் பாய்ப்படகிலும் நான் சக்கரம் பார்த்ததில்லை. சுக்கானின் தலையில் நீளமான கட்டை ஒன்றைச் செருகி, அதைத் தள்ளியும் இழுத்தும் ஓட்டுவார்கள். சுக்கான் கை என்பார்கள்.

நான் வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம், தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓங்கியிருந்த ஆனி மாதம், அந்தப் படகு ரயில் பாலத்துக்குத் தெற்கே பாறையில் மோதியது. ஆள் சேதம் இல்லை. அடிப்பலகை பிளந்து, இரண்டு விளக்குகள் கடலோடு போயின. ஓட்டியவர் நம் தண்டல். பாம்பனில் பிறந்து வளர்ந்த மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். வாய் நீளம், பொறுமை குறைவு. விசாரணை முடியும்வரை அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். தவறு அவர்மேல் என்று முடிவானால் தண்டல் உரிமத்தைப் பறித்துவிடுவார்கள். பிறகு அவர் எந்தப் படகையும் ஓட்ட முடியாது. கடலைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது.

“சக்கரத்தைத் திருப்பினேன். படகு கேக்கலை.” அவர் கொடுத்த வாக்குமூலம் இவ்வளவுதான்.

பலகையை மாற்றிப் படகைத் தண்ணீரில் இறக்கியதும், சோதித்து அறிக்கை தரும்படி என்னிடம் சொன்னார்கள். ஒரு காலை வேளையில், கண்ணாடி மாதிரி கிடந்த தண்ணீரில், படகுத்துறையில் கட்டி வைத்தபடியே சோதித்தேன். சக்கரம் இரண்டு பக்கமும் பூப்போலச் சுழன்றது. வடத்தில் ஒரு நார் அறுந்திருக்கவில்லை. ‘சக்கரம் தடையின்றிச் சுழல்கிறது. சுக்கான் அமைப்பில் பழுது ஏதும் தென்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் ஊர் கடலாடிக்குப் பக்கத்துக் கிராமம். வானம் பார்த்த பூமி. எங்கள் வம்சத்தில் முதலில் எழுத்துப் படித்தவன் நான். என் அய்யாவுக்குக் கடிதம் வந்தால், பிரிக்கும்முன் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, மையால் எழுதினால் அது மெய்யாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. நான் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனால் நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்துத் தண்டல் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“ஓவர்சியர் சாரே, சக்கரம் சுத்துதுன்னு எழுதியிருக்கீகளாமே?”

“சுத்துது பாய். அதைத்தான் எழுதினேன்.”

“எங்கன கட்டி வச்சுச் சுத்துனீக?”

“படகுத்துறையில.”

“கட்டிப் போட்ட மாடு முட்டாதுன்னு எழுதிக் குடுத்திருக்கீக. சரி. ஒரு கால் மணி நேரம் என்கூட வாங்க.”

படகில் என்னைச் சக்கரத்துக்கு முன்னால் நிறுத்தினார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்பக்கமாகத் தண்ணீரில் குதித்தார். தலை மேலே வந்தது. சுக்கான் பலகையை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, காலைப் படகின் அடியில் உதைத்து நின்றார்.

“இப்பத் திருப்புங்க!”

திருப்பினேன். சக்கரம் திரும்பியது. கால் சுற்றைத் தாண்டி, அரைச் சுற்றை நெருங்கியது. தளத்துக்கு அடியில் எங்கோ மரம் முனகும் சத்தம்.

“சக்கரம் சுத்துதா சார்?”

“சுத்துது.”

“நான் அசையலயே!”

எட்டிப் பார்த்தேன். சுக்கானும் அவரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். என் கையில் இருந்த சக்கரம் அரைச் சுற்றுப் போய் நின்றது. பாறைக்கு முன்னால் அந்த அரைச் சுற்று எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் நீரோட்டம் படகை எவ்வளவு தூரம் தள்ளியிருக்கும்?

தளத்தைத் திறந்து பார்க்க அக்காள்மடத்திலிருந்து ஓடாவியை வரவழைத்தேன். படகு கட்டும் ஆசாரியைத்தான் இங்கே ஓடாவி என்பார்கள். அவர் ஊசியால் குத்திப் பார்த்துச் சொன்னார்: “கப்பியைத் தாங்குற உத்தரம் உள்ளுக்குள்ள உளுத்துருச்சு. சும்மா இருக்கையில ஒண்ணும் தெரியாது. பாரம் வந்தா வளையும், வடம் தொய்யும். உத்தரத்தை மாத்தணும்னா தளத்தையே பிரிக்கணும். மூணு மாசம் ஆகும்.”

விசாரணைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

“சக்கரத்தைத் தூக்கிக் கடாசிட்டு, சுக்கான் கை போட்டா?” என்று தண்டல் கேட்டார்.

“அஞ்சு நாள்” என்றார் ஓடாவி.

எங்கள் அலுவலக அதிகாரியிடம் போனேன். விசாரணையும் அவரிடம்தான். சென்னையிலிருந்து வந்தவர், அதிகம் பேசமாட்டார். என் அறிக்கை தப்பு என்று நானே சொன்னதை முழுதும் கேட்டார். “சுக்கான் கையோடு அந்தப் படகு அதே கால்வாயில், அதே காற்றில் ஒழுங்காகப் போகிறது என்று காட்டினால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். தண்டல் கூட வரட்டும். ஆனால் படகுக்குப் பொறுப்பு நீங்கள்” என்றார். எழுத்திலும் கொடுத்தார்.

சுக்கான் கைக்கு வளைந்த கருவேலங்கட்டை வேண்டும் என்றார் ஓடாவி. மரத்திலேயே வளைந்து வளர்ந்ததாக இருக்க வேண்டும், அறுத்து வளைத்தது ஆகாது. எனக்கு எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டத்தில் கிடந்த கட்டை ஞாபகம் வந்தது. ஏருக்குக் கைப்பிடியாக மேழி செய்ய அய்யா எடுத்து வைத்திருந்தார். பஸ் ஏறிப் போய்க் கேட்டேன்.

“ஏலே, கடல்லயா உழப்போறே?” என்றார். ஆனால் கொடுத்தார். பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

இனிமேல்தான் நான் செய்த காரியம். உங்களில் யார் என் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பீர்கள்.

சுக்கான் தலைக்கும் பழைய சக்கரம் இருந்த இடத்துக்கும் நடுவில் ஓர் இருக்கை இருந்தது. உயர்ந்த சாய்வும் கைப்பிடியும் வைத்த தேக்கு இருக்கை, நாலு பெரிய ஆணியால் தளத்தோடு முடுக்கியது. அதிகாரி சோதனைக்கு வந்தால் உட்காருவதற்கு. ஓடாவி கட்டையை நீட்டி வைத்துப் பார்த்தார். ஆறரை அடி. இருக்கையின் சாய்வில் இடித்தது.

“இதைக் கழட்டிருவோம் சார்” என்றார் ஓடாவி.

“அது அதிகாரி இருக்கை.”

“தெரியும் சார். அதான் கழட்டுவோம்ங்கிறேன்.”

கழற்ற அனுமதி கேட்டு அன்றைக்கே குறிப்பு எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தொடாதே என்று யாரும் சொல்லவில்லை. தொடலாம் என்று எழுத்தில் வரவில்லை. இருக்கையில் கை வைக்காமல் இருக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது. நாலாம் நாள், இருக்கையின் சாய்வுக்குப் பின்னால் அடங்கும்படி, அய்யா கொடுத்த கட்டையை மூன்றரை அடியாக அறுக்கச் சொன்னேன்.

ஓடாவி ரம்பத்தை எடுக்காமல் நின்றார். தண்டல்தான் சொன்னார்: “அறுங்க மாமா. சாரு படிச்சவுக. நாற்காலி மொதல்ல, நம்ம உசிரு அப்பறம்.”

எனக்குக் கோபம் வந்தது. “பாய், ஒரு ஆளு பிடிக்க மூன்றரை அடி தாராளம்” என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஏழாம் நாள் காலை புறப்பட்டோம். தண்டல், ஓடாவி, நான், மூன்றே பேர். “நான் செஞ்ச சாமானுக்கு நானே சாட்சி” என்று ஓடாவி தன் கருவிப் பெட்டியோடு ஏறிக்கொண்டார். தெற்கிலிருந்து வடக்கே, கச்சான் முதுகில் அடிக்க, பாலத்தை நோக்கிப் போக வேண்டும். அந்தப் பருவத்தில் நீரோட்டமும் அதே திசையில்தான் பாய்கிறது. ரயில் வராத நேரம் பார்த்துப் பாலத்தின் நடுவில் இருக்கும் இரண்டு கைகளையும் மேலே தூக்குவார்கள். அந்த இடைவெளிதான் வழி.

முதல் அரை மணி நேரம் எல்லாம் நன்றாக இருந்தது. நான் மனசுக்குள் இரண்டாவது அறிக்கையை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

பாலம் தூக்குவது தெரிந்தது. இரும்புக் கைகள் இரண்டும் மெதுவாக வானத்துக்கு எழுந்தன. அதே நேரம் நீரோட்டம் எங்களைப் பிடித்தது. காற்றும் ஏறியது. படகின் முனை இடது பக்கம், மண்டபம் பக்கத்துத் தூணை நோக்கித் திரும்பத் தொடங்கியது. தண்டல் சுக்கான் கையை மார்பில் அணைத்து, முனையை வலது பக்கம் திருப்ப இழுத்தார். வரவில்லை. சக்கரத்தில் கப்பிகள் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். கட்டையில் நீளம்தான் பலம். அந்த நீளத்தில் பாதியை நான் அறுத்துப் போட்டிருந்தேன். கூடப் பிடிக்கலாம் என்று நான் பாய்ந்தால், இருக்கைக்குப் பின்னால் இரண்டாவது ஆள் நிற்க இடமில்லை.

“பாயை எறக்கிரலாமா?” என்று கத்தினேன்.

“எறக்கினா வெறுங்கட்டையாப் போய் அடிப்போம்! ஓட்டம் இருந்தாத்தான் சுக்கானுக்கு உசிரு!” அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. “திரும்பவும் ஏலாது. சார், ஒரு துடுப்பை இது மேல வச்சுக் கட்டி நீட்டணும். இந்த நாற்காலி இருக்கிற வரைக்கும் நீட்ட முடியாது.”

தூண் தெரிந்தது. அதன் அடியில் வெள்ளையாகச் சீறிக்கொண்டிருந்த தண்ணீரும் தெரிந்தது.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? குறிப்புக்குப் பதில் வரவில்லையே என்று தோன்றியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது. ஒரு மூச்சு நேரம் நான் அந்த இருக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தண்டல் என்னைத் திட்டவில்லை. “சார், ஒங்க அய்யா குடுத்த கட்டை நல்ல கட்டை. நீளத்தைக் குடுங்க அதுக்கு” என்றார். அவ்வளவுதான்.

ஓடாவியின் பெட்டியிலிருந்து வாய்ச்சியை எடுத்தேன். மரம் செதுக்கும் கருவி அது. வீடு இடிக்கிற மாதிரி அதைப் பிடித்து அந்தச் சாய்வில் போட்டேன். அரசாங்கத் தேக்கு. மூன்றாவது அடியில் பிளந்தது. கைப்பிடி பறந்து கடலில் விழுந்தது. காலால் உதைத்துச் சாய்வைப் பெயர்த்தேன். என் உள்ளங்கை கிழிந்தது கரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஓடாவி பாய்க்கயிற்றை முளையில் சுற்றிவிட்டு ஒரு துடுப்பைக் கட்டையோடு சேர்த்து வைத்து, பல்லால் கயிற்றைக் கவ்வி இழுத்து, வரிந்து கட்டினார். ஏழெட்டுச் சுற்று. அவர் விரல்கள் அவசரப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

“பிஸ்மில்லா! சார், நுனியைப் பிடிங்க!” என்று தண்டல் கத்தினார்.

நான் துடுப்பின் நுனியில், தண்டல் எனக்குப் பின்னால் கட்டையில். இருவரும் சேர்ந்து இழுத்தோம். வந்தது. முரட்டுக் காளையின் தலை திரும்புவது போல, மனசில்லாமல், ஆனால் வந்தது. படகின் முனை தூணை விட்டு விலகி இடைவெளிக்கு நேராக நின்றது.

“இப்ப இழுக்காதீக” என்றார். “சும்மா பிடிச்சுக்கிட்டு இருங்க. அது என்ன சொல்லுதுன்னு பாருங்க.”

பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நடந்ததை எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

கட்டை நடுங்கியது. முதலில் பயத்தில் என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தேன். இல்லை. அது வேறு நடுக்கம். மெல்லிய அதிர்வு, இடையிடையே ஒரு தள்ளல், பிறகு ஓர் இழுப்பு. இடது பக்கத்திலிருந்து ஒரு சுழி கட்டையைத் தொட்டது. கையில் தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம் கழித்துத்தான் படகின் முனை அசைந்தது. அதற்குள் தண்டலின் கை அதைச் சரி செய்து முடித்திருந்தது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரிந்தது! எனக்குக் கீழே, நான் பார்க்கவே முடியாத இடத்தில், அவ்வளவு பெரிய கடல் இரண்டு நிலங்களுக்கு நடுவில் நுழைந்து போய்க்கொண்டிருக்கிறது; அதன் ஒவ்வோர் அசைவும் ஒரு கருவேலங்கட்டை வழியாக என் உள்ளங்கைக்கு வருகிறது. ஒரு பிராணியின் கழுத்தில் கை வைத்திருப்பது போல இருந்தது. அவ்வளவு பெரிய பிராணி.

நான் ஏர் பிடித்ததில்லை. பள்ளிக்கூடம் போனதால் தப்பித்தேன் என்று ஊரில் சொல்வார்கள். அய்யா மேழியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து பார்க்காமலே, “கீழ கல்லு கெடக்கு” என்று மாட்டை நிறுத்துவார். எப்படித் தெரியும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பாலத்தின் நடுவில், தலைக்கு மேல் அந்த இரண்டு இரும்புக் கைகளும் வானத்தில் நிற்க, நான் கேட்காத அந்தக் கேள்விக்குப் பதில் வந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. வாய்விட்டு என்னவோ சொல்லியிருக்கிறேன் போல. ஓடாவி இன்றைக்கும் “சாரு பாலத்துக்கு அடியில சாமி ஆடுனாரு” என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வடக்கே போனதும் தண்ணீர் அமைதியானது. தண்டல் கட்டையை என் கையிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இதைத்தான் சார் அந்தத் துரை சக்கரத்துல மறைச்சு வச்சிருந்தாரு. எட்டு வருஷம் நான் கையில துணியைச் சுத்திக்கிட்டு ஓட்டுன மாதிரி ஓட்டுனேன்.”

“ஏன் பாய் முன்னாடியே சொல்லலை?”

“சொன்னேனே. படகு கேக்கலைன்னு. நீங்க கடுதாசியில எழுதிக்கிட்டு இருந்தீக.”

கரைக்கு வந்து இரண்டாவது அறிக்கையை எழுதினேன். முதல் அறிக்கையில் எழுதியது உண்மை என்றும், பாரம் இல்லாத தண்ணீரில் சோதித்ததால் அது பயனற்றது என்றும் எழுதினேன். உளுத்த உத்தரத்தைப் பற்றி எழுதினேன். கட்டையை மூன்றரை அடியாக அறுத்தது என் பிழை, இருக்கையை உடைத்தது என் பொறுப்பு என்றும் எழுதினேன். அந்த வரிக்கு மட்டும் மை தொட மூன்று தடவை ஆனது.

விசாரணையில் அதிகாரி இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். தண்டல் சுவர் ஓரமாக நின்றார், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு. அதிகாரி எழுந்து படகுத்துறைக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். உளுத்த உத்தரத்தில் விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது. துடுப்புக் கட்டிய சுக்கான் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உடைந்த இருக்கை முன்னால் வந்து நின்றார்.

“அனுமதி கேட்டு எழுதியிருந்தேன் சார்” என்றேன்.

“மேஜையில் இருக்கிறது. அவசரம் என்று அதில் எழுதவில்லையே நீங்கள். வந்து கேட்டிருக்கலாமே?” என்றார். குனிந்து இருக்கையின் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். “நான் இதில் ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்திருக்கிறேன். முதுகு போய்விட்டது. அதற்கப்புறம் நின்றுகொண்டேதான் வருகிறேன்.”

தண்டல் சிரிப்பை அடக்க முடியாமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். உரிமம் அவரிடமே இருந்தது. மறு வாரம் வேலையில் சேர்ந்தார். ஓடாவி மிச்ச இருக்கையையும் கழற்றி, ஏழு அடியில் புதுக்கட்டை செருகினார். அய்யா கொடுத்த மூன்றரை அடிக் கட்டை, அதன் பெரிய பாதி, என் பெட்டியில் இருக்கிறது. தூத்துக்குடிக்குக் கொண்டுபோகிறேன்.

நீங்கள் மூவரும் என்னைவிட அதிகம் படித்தவர்கள். எதையும் சோதிக்கும்போது அது எங்கே பாடுபடுகிறதோ அங்கே போய்ச் சோதியுங்கள். யாராவது ஒரே வரியில் சொன்னால், அந்த ஒரு வரியை அவரிடமே இன்னொரு தடவை கேளுங்கள். எழுத்தில் கேட்டு எழுத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில், பத்து அடி நடந்து வாயால் கேட்டுவிடுங்கள். இதையெல்லாம் எழுதிவிட்டேன். ஆனால் எழுதினால் மட்டும் ஒன்றும் ஆகாது என்று உங்களுக்குச் சொல்லத்தானே இவ்வளவும்?

ஆகவே தண்டலிடம் பேசி வைத்திருக்கிறேன். நாளைக் காலை பாலம் தூக்கும் நேரத்துக்கு அந்தப் படகு வடக்கே போகிறது. கச்சான் நன்றாக அடிக்கிறது. கட்டையின் நுனியை ஆளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கத் தருவதாகச் சொன்னார். மூன்று பேரும் வாருங்கள். நின்றுகொண்டுதான் வர வேண்டியிருக்கும்.